களிம்பு பூசிய கண்ணாடி

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை சும்மா இருக்கிறாய். அந்தச் சும்மாவை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ பேசாமல் இருப்பது எனக்குக் கேட்காது.

அப்பாவை இல்லத்தில் சேர்த்த அன்று வாசலில் வைத்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பாவப் பாத்துக்க மெஷின் வெச்சுட்டே. இனிமே நீ வர வேண்டியதில்ல." நான் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து நல்ல நல்ல பதில்களாக யோசித்தேன். இப்போது அவற்றில் ஒன்றும் நினைவில்லை.

உன் வீட்டில் உன் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். என் அறையில் நானே காலை மடக்கித்தான் படுக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது குளியலறை வாசலில் அப்பா விழுந்து, நீ உங்கள் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்வரை அப்படியே கிடந்தார் இல்லையா, அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த இல்லத்தைச் சொன்னதற்கு ஒரே காரணம், அங்கே ஒவ்வோர் அறையிலும் எங்கள் கம்பெனி கேமரா இருக்கிறது. யாராவது விழுந்தால் உடனே அட்டெண்டரின் போனில் மணி அடிக்கும்.

என் வேலை என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுருக்கமாகச் சொன்னால், நல்ல படங்களைக் கெடுப்பது. ஆள் நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறார், விழுந்து கிடக்கிறார் என்று மெஷின் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தெளிவான படமாக இருந்தால் சுலபமாகச் சொல்லிவிடும். ஆனால் எந்த அறையில் எப்போதும் தெளிவு இருக்கிறது? வெந்நீர் ஆவி வந்து கேமராக் கண்ணாடியில் படிகிறது. ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் எல்லாம் வெளுத்துப்போகிறது. இணைப்பு மெதுவானால் படம் கட்டம் கட்டமாக உடைந்து வருகிறது. அதனால் நல்ல படங்களை எடுத்து மங்க வைத்து, புள்ளி தெளித்து, இருட்டாக்கி, அப்போதும் ஆளைக் கண்டுகொள்ள மெஷினைப் பழக்குகிறேன். நாள் முழுக்க மங்கலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெருவில் எல்லாமே கொஞ்சம் அதிகத் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றுகிறது.

படங்கள் பல ஊர் இல்லங்களிலிருந்து வருகின்றன. எது யாருடைய அறை என்று எங்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான் இருக்கும். முகங்களை அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் அப்பாவை நான் வேவு பார்ப்பதாக நீ நினைக்க வேண்டாம். பார்க்க முடிந்திருந்தால் ஒருவேளை பார்த்திருப்பேனோ என்னவோ.

ஓர் அறை மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அதன் கேமராக் கண்ணாடியில் எப்போதும் ஏதோ பிசுக்கு. ஆவியும் இல்லை, தூசியும் இல்லை. ஒரு நாள் வழவழவென்று இருக்கிறது, அடுத்த நாள் காய்ந்து கோடு கோடாகிறது, பிறகு மறுபடியும் புதிதாகிறது. அதற்குப் பின்னால் ஒருவர் நடமாடுவது எனக்குத் தெரிகிறது, மெஷினுக்குத் தெரியவில்லை. அவர் விழுந்தால் மணி அடிக்காது. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பாவிடம் பேசினால் "நல்லா இருக்கேன், வேலையப் பாரு" என்று வைத்துவிடுகிறார். நீதான் எழுத வேண்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 21

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் இரண்டு முறை கதவைத் தட்டினார். இந்தக் காலத்தில் கையால் எழுதிய கடிதமா என்று அவருக்கே சந்தேகம்.

அப்பா நன்றாக இருக்கிறார். அவர் சொல்லும் "நல்லா இருக்கேன்" இல்லை, நான் பார்த்துச் சொல்லும் நன்றாக. பசி இருக்கிறது. தினமும் காலையில் பேப்பர் படித்துவிட்டு அதில் உள்ள எல்லோரையும் திட்டுகிறார். பக்கத்து அறைக்காரர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராம். இவர் கண்டக்டர். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் எடைபோடுகிறார்கள்.

வாசலில் நான் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். சொன்னேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நீ கேமராவைச் சுட்டிக்காட்டி மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தாய், நான் அப்பாவின் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து நம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவ்வளவுதான் விஷயம்.

ஏதோ ஓர் அறைக் கண்ணாடியில் பிசுக்கு என்று எழுதியிருக்கிறாய். அந்த ஓர் அறையை விட்டுத் தொலைத்தால் உங்கள் கம்பெனி மூழ்கிப்போய்விடுமா? எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டுமா? நேரத்துக்குச் சாப்பிடு. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். ஒரு முடிச்சு அவிழவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுவாய்.

கடையில் கூட்டம். பாக்கியைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

விடச் சொல்லி எழுதியிருந்தாய். விட முடியவில்லை.

இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் சிரிப்பாய். கூட்டம் நடக்கும் அறையில் மெத்தைகளைப் போட்டு, மேலே கேமராவை மாட்டி, நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றி விழுகிறோம். கேமராக் கண்ணாடியில் ஒரு நாள் எண்ணெய், ஒரு நாள் சோப்பு, ஒரு நாள் முகப்பவுடர். என்னோடு வேலை செய்கிற ஒருவனுக்குத் 'தாடி' என்று பேர் வைத்திருக்கிறோம். அவன் விழுவது ஏதோ விருது வாங்கப் போகிறவன் மாதிரி இருக்கும். எனக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்தது. நாங்கள் விழும்போது கைகள் முன்னால் வந்துவிடுகின்றன. வயதானவர்கள் விழும்போது கைகள் வருவதில்லை. அப்படியே சரிகிறார்கள். அதை நாங்கள் நடித்துப் பார்த்தோம், வரவில்லை. உடம்பு விடமாட்டேன் என்கிறது.

எங்கள் மேலாளரைத் 'தலை' என்போம். அவர் வந்து பார்த்துவிட்டு, எல்லா அறையிலும் ஓடுகிறது, ஓர் அறைக்காக இவ்வளவு எதற்கு என்றார். அந்த அறையிலும் ஒரு மனுஷன் இருக்கிறாரே என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கூட்டத்துக்குப் போனார். மோசமான ஆள் இல்லை, களைத்த ஆள். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

நாங்கள் செய்த பிசுக்கையெல்லாம் மெஷின் ஊடுருவிப் பார்க்கிறது. அந்த அறையின் பிசுக்கை மட்டும் பார்க்க முடியவில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் அதே மாதிரி செய்து பழக்கலாம் என்று, பிசுக்கு விழுவதற்கு ஒரு நொடி முந்தைய படங்களைக் கேட்டு வாங்கினேன்.

அக்கா, ஒரு கை வருகிறது. கேமராவை நோக்கி மேலே வந்து கண்ணாடி மேல் கட்டைவிரலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுகிறது. முகம் இல்லை, அழித்துவிட்டார்கள். விரல் மட்டும். அகலமான நகம், நுனியில் சப்பை, முதல் கணு கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்தது. கசங்கிய, பாதி இருண்ட படம். மெஷினிடம் கொடுத்தால் அது கை என்றுகூடச் சொல்லாது. நான் பார்த்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். 'தாடி' என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அது அப்பாவின் கட்டைவிரல். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்த விரல். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்லிவிடுவேன்.

கேமரா கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எட்ட வேண்டும் என்றால் அவர் நாற்காலி மேல் ஏற வேண்டும். விழக் கூடாது என்று வைத்த கேமராவை மறைப்பதற்காக நாற்காலி மேல் ஏறுகிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ சொல். அட்டெண்டரிடம் சொல்லி நாற்காலியை எடுத்துவிடச் சொல். வாரத்துக்கு இரண்டு முறை போகிறாயே, நீ கவனிக்கவில்லையா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. அடித்துத் திருத்த மனசில்லை.

தங்கை


மார்ச் 14

சின்னவளுக்கு,

அது அப்பாவின் விரல் இல்லை. என்னுடையது.

அப்பா நாற்காலியில் ஏறுகிறாராம். போன மழைக்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. இடது கையும் ஏறக்குறைய அப்படித்தான். தலை வாருவதே நான்தான். சீப்பை அவர் கையில் கொடுத்தால் காதோடு நின்றுவிடும். இது உனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று சொன்னது அவர்தான். "அவ அங்க தனியா இருக்கா. கையப் பத்தி வேற எதுக்கு?"

சேர்த்த புதிதில் அவர் சட்டை மாற்றவே இல்லை. நான் போகும்போதெல்லாம் அதே சட்டை. அழுக்கு, வியர்வை நாற்றம். குளியலறை வழுக்கும் என்று உட்கார்த்தித் துடைத்துவிடுவார்கள், துணி மாற்றுவது அறையில்தான். அட்டெண்டர் பெண் சொன்னாள், தொட விடமாட்டேன் என்கிறாராம். நான் கதவைச் சாத்திவிட்டு ஏன்பா என்று கேட்டேன். மேலே கண்ணைக் காட்டினார்.

"முப்பது வருஷம் பஸ்ல ஏறினவங்களையெல்லாம் நான் எண்ணினேன். இப்ப அது என்ன எண்ணுது. அது முன்னாடி அவுக்க சொல்றியா?"

அது ஆள் இல்லைப்பா, மெஷின் என்றேன். சேர்த்த அன்று நீ மேனேஜரிடம் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆள் இல்லாமயா அதுக்கு நம்ம சின்னவ வேலைக்குப் போறா?"

அப்போது அவருடைய தோளுக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் களிம்பு இருந்தது. நாற்காலியைப் போட்டு ஏறிக் கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவினேன். எங்கள் கடையில் விற்கிற மூட்டுவலிக் களிம்புதான், பச்சை மூடி. இறங்கிப் பார்த்தால் அவரே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் தடவுகிறேன். காய்ந்துபோகும், மறுபடி தடவுவேன். அதுதான் நீ எழுதின கோடு கோடு.

அவர் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். அதை யோசிக்காமல் நான் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. கடையில் போன் அடித்தால் இன்னும் முதலில் இல்லத்து நம்பரா என்றுதான் பார்க்கிறேன். ஆனால் அழுக்குச் சட்டையோடு பத்திரமாக இருக்கிற அப்பாவை என்னால் பார்க்க முடியவில்லை. நீ பார்க்கவில்லை, அதனால் உனக்குச் சுலபம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த விரலைப் பார்த்ததும் அப்பா என்றாய். பார்க்க அப்படித்தான் இருக்கும், எனக்கு அவர் கை. உனக்கு அம்மா கை. இத்தனை வருஷம் உனக்குத் தலை பின்னிவிட்ட விரல் அது. அக்கா என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

தோன்றவில்லை. உண்மை அதுதான். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கீழே உன் கைக்கடிகாரத்தின் வார் தெரிகிறது, சின்னக் கறுப்புக் கோடாக. முதலிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. மெஷினுக்கு நான் எப்போதும் சொல்வது, பழகியதை மட்டும் படத்தில் தேடாதே என்பதுதான். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீ பச்சை மூடி என்று எழுதியிருந்தாய். மறுநாளே கடைக்குப் போய் அதே களிம்பை வாங்கினேன். ஏன் வாங்குகிறேன் என்று யோசிக்காமல்தான் போனேன், இல்லை, அது பொய், யோசித்துக்கொண்டேதான் போனேன். கண்ணாடியில் தடவி, காய விட்டு, மேலே மறுபடி தடவி, எல்லோரையும் விழ வைத்தேன். மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது. உன் விரல் வழியாக இப்போது அதற்கு அறை தெரிகிறது. என்னை நம்பி நீ எழுதியதை நான் வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அதை இன்னும் 'தலை'யிடம் கொடுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கொடுத்தால் அப்பா மறுபடியும் அழுக்குச் சட்டையோடு இருப்பார். கொடுக்காவிட்டால் ஒரு நாள் தரையில் கிடப்பார். காலையில் கொடுத்துவிடலாம் என்று போகிறேன், மாலையில் வேண்டாம் என்று திரும்புகிறேன்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். கண்ணாடி மங்கியிருந்தால் மெஷின் யூகிக்கக் கூடாது, 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லி அட்டெண்டரைப் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதுவரை அது தெரியாததையெல்லாம் 'ஒன்றுமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 'தலை' அரை நாள் சண்டை போட்டார். "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா மெஷின்? அதுக்கு நானே போதுமே." கடைசியில் சரி என்றார். சிரித்துக்கொண்டேதான் சரி என்றார், ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

ஆக, இனி அந்த அறைக் கண்ணாடி மங்கினால் ஒரு மனுஷர் கதவைத் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்பாவுக்கு அது பரவாயில்லையா? களிம்பு பழகிய மெஷினை நான் கொடுக்கட்டுமா, வேண்டாமா? நானே முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் புரிகிறது. நீ அவரிடம் கேட்டு எழுது. நீ சொல்வதைச் செய்கிறேன்.

கையைப் பற்றி அவரிடம் போனில் கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்.

தங்கை


மே 2

சின்னவளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நன்றாக இருக்கிறார். பதறாமல் படி.

நீ செய்த ஏற்பாடு வந்தது. அட்டெண்டர் பெண் முதல் வாரம் ஓடி ஓடி வந்தாள். அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அவள் தட்டினால் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பாராம். அவளும் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவாள். பிறகு அவளுக்குச் சலித்துவிட்டது. பாவம், ஒரு மாடி முழுக்க அவள் ஒருத்தி. அந்த அறையிலிருந்து மணி அடித்தால், அது எப்பவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். என் களிம்புதானே அவளை அப்படிப் பழக்கியது.

போன வாரம் மத்தியானம் அப்பா விழுந்தார். ஜன்னலைச் சாத்தப் போயிருக்கிறார். கை எழும்பாதது நினைவில்லை. நீ எழுதினாயே, கைகள் முன்னால் வராது என்று. வரவில்லை. தரையிலேயே கிடந்திருக்கிறார். பேப்பர் வாங்க வந்த ஹெட்மாஸ்டர்தான் பார்த்துச் சத்தம் போட்டாராம். எலும்பு முறியவில்லை. கன்னத்தில் வீக்கம், இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது. நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, விழவில்லை, தரை குளுகுளுவென்று இருந்தது, படுத்துக்கொண்டேன் என்று அட்டெண்டர் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது?

நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்துணியோடு ஏறப் போனேன். அப்பா நிறுத்தினார்.

"தொடச்சா யாருக்குத் தெரியும்?"

"மெஷினுக்குப்பா."

"அப்புறம்?"

உன் கடிதத்தில் உள்ளதையெல்லாம் சொன்னேன். களிம்பு வாங்கியது, விழுந்து விழுந்து பழக்கியது, முழங்கைச் சிராய்ப்பு, கொடுக்கவா வேண்டாமா என்று நீ கேட்டது. உன் விரலை அவர் விரல் என்று நினைத்துப் பதறியதையும் சொன்னேன். மன்னித்துக்கொள், என் விரலை. எழுதும்போது எனக்கே குழம்புகிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னவளா பாக்கறா?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். அது பொய்யா மெய்யா என்று நீதான் சொல்ல வேண்டும்.

"அப்ப இரு. அந்த நீலச் சட்டையக் குடு. மாத்திக்கறேன், அப்புறம் தொடச்சுடு."

நான் நாற்காலியை விட்டு வந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொண்டேன். கைகளை நுழைத்துவிட்டேன். வீங்கின கன்னம் மறுபக்கம் இருக்கும்படி தலையை வாரிவிடச் சொன்னார். பிறகு ஏறி, நன்றாகத் துடைத்தேன். இறங்கிப் பார்த்தால் மேலே பார்த்து நேராக உட்கார்ந்திருக்கிறார், போட்டோ எடுக்க வந்தவர் மாதிரி.

இனிமேல் துணி மாற்றும் நேரத்துக்கு நானோ அந்தப் பெண்ணோ கேமரா முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடுவது என்று பேசியிருக்கிறோம். மேனேஜர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். உன் களிம்பு மெஷினைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். எங்கள் அறையில் இனிக் களிம்பு இல்லை. வேறு ஏதாவது அறையில் வேறு ஏதாவது மகள் தடவிக்கொண்டிருந்தால், கொடுப்பதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேள்.

நாற்காலி ஏறி ஏறி என் முழங்கால் போய்விட்டது. அந்தக் களிம்பை இப்போது எனக்குத்தான் தேய்த்துக்கொள்கிறேன்.

தினமும் காலையில் நீலச் சட்டையைக் கேட்கிறாராம், துவைத்துக் காயாவிட்டால் அந்தப் பெண்ணிடம் சண்டையாம். முகத்தை அழித்துவிட்டுத்தான் உனக்குப் படம் வரும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீயே வந்து சொல்லிக்கொள்.

அக்கா